வீங்காத கட்டைவிரல்

என் கணவர் ராஜரத்தினம் நாற்பத்தாறாவது வயதில் திடீரென்று அழகாகிவிட்டார். அது 1988. அதற்கு முன்னால் அவரை யாரும் அழகானவர் என்று சொன்னதில்லை, நான் உட்பட. ஒடுங்கிய கன்னம், நீளமான கழுத்து, அந்தக் கழுத்தில் ஏறி இறங்கும் தொண்டைமணி. சர்ச்சில் பாட எழுந்து நின்றால் முதலில் கண்ணில் படுவது அந்தத் தொண்டைமணிதான்.

அவர் இறந்து மூன்று வருஷமாகிறது. சுவரில் மாட்டப் படம் தேடியபோது, கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருக்கிற அந்த வருஷத்துப் படத்தைத்தான் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். "இதுல அப்பா எம்புட்டு நல்லா இருக்காவ!" என்றாள் மகள். நான் வேறொரு படத்தை மாட்டச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற காரணம் இல்லை.

ராஜபாளையத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணி நெய்கிற ஷெட். அவர் நாலு தறி ஓட்டினார். நான் பேக்கிங்கில் இருந்தேன். நெய்த துணி வெளுக்கப் போய் வெள்ளையாகத் திரும்பி வரும். அதை மேஜையில் விரித்து, கறையோ மஞ்சளோ எண்ணெய்ப் பொட்டோ இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமானதை மட்டும் சுருட்டி நீலக் காகிதத்தில் கட்டுவது என் வேலை. பன்னிரண்டு வருஷம் வெள்ளையையே பார்த்த கண். துணியைத் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் முதல் தரமா, கழிவா என்று சொல்லிவிடுவேன். முதலாளியே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்.

எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தாங்கள் பாதி டாக்டர் என்ற நினைப்பு உண்டு. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடுவது நாம்தானே என்பார்கள். யாருக்காவது கையில் கீறல் விழுந்தால் போதும், ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். டிஞ்சர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கட்டு அழகாக விழுந்ததா என்பதுதான் பேச்சாக இருக்கும்.

நாலு தறிக்கும் இடையே ஓடி ஓடி அவருடைய முழங்கால்கள் கெட்டன. காலையில் எழுந்தால் இரண்டு முட்டியும் பப்பாளிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். நொண்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மேஸ்திரி சோலைராஜ் கூப்பிட்டு, "ராஜரத்தினம், கேட்டுல வாட்ச்மேன் வேலை காலியா இருக்கு. உக்காந்துக்கிட்டே பாக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"அதுவும் வேலைதானங்க" என்றேன்.

"ஏட்டி, உள்ள தறி ஓடும். நான் வெளிய உக்காந்து வாரவன் போறவனுக்கு சலாம் போடணுமா? இருபத்தஞ்சு வருசம் தறியில நின்னவன். என்னைத் தறியில இருந்து எறக்குனா நேரே குழிக்குள்ள எறக்கிருங்க."

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கை கால் ஓடுகிறவரை தறியில் நிற்க வேண்டும்.

அப்போதுதான் இருளப்பசாமி எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தார். முன்பு ஏதோ மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது வாரம் ஒருநாள் மொபெட்டில் வருவார். பையில் பழைய பேப்பரில் மடித்த பொட்டலங்கள் இருக்கும். பொட்டல டாக்டர் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கு என்ன வலி என்றாலும் உண்மையாகவே முகம் வாடிவிடும்.

அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வீக்கம்ங்கிறது ஒடம்புல தங்குன கெட்ட தண்ணி. அதை எறக்கிட்டா ஆளு குதிரை மாதிரி ஓடலாம். காலையில ஒரு பொட்டலம், சாயங்காலம் ஒரு பொட்டலம். மூணே நாள்" என்றார்.

மூன்று நாள் கூட ஆகவில்லை. இரண்டாம் நாளே வீக்கம் வற்றிவிட்டது. வலியும் போனது. அவர் எழுந்து வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நாலு தடவை நடந்து காட்டினார். ஷெட்டில் மேஸ்திரி முன்னால் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டம் ஓடினார். வாட்ச்மேன் பேச்சு அத்தோடு நின்றது.

பொட்டலத்தை நிறுத்தினால் வலி திரும்ப வந்தது. அதனால் நிறுத்தவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. அவருக்குப் பசியென்றால் அப்படிப் பசி. ஆறு தோசை தின்றவர் பன்னிரண்டு தின்றார். கன்னத்தில் சதை வைத்தது. முகம் வட்டமாகி, தோல் மினுமினுத்து, கழுத்தே காணாமல் போனது. தொண்டைமணி எங்கே போயிற்று என்று சர்ச்சில் கேட்டார்கள். சட்டைக் கழுத்துப் பித்தான் போட முடியவில்லை. ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் கண்டெடுத்தது அந்தப் படத்தைத்தான்.

எல்லாப் பெருமையையும் நான் எடுத்துக்கொண்டேன். பேக்கிங்கில் என் பக்கத்து மேஜை முத்தாத்தாள். அவள் தினமும் கேட்பாள்.

"மதினி, அண்ணாச்சிக்கு அப்படி என்னத்தத்தான் போடுத? எங்க வீட்டு மனுசனுக்கும் ஒரு கரண்டி குடேன். கொடிக்கம்பி மாதிரி இருக்காரு."

"மீன் கொழம்புதான். பக்குவம் வேணும்."

"பக்குவமா? போன வருசமும் நீதான் கொழம்பு வச்ச. அப்ப அவிய வத்தலாத்தான இருந்தாவ?"

"அப்ப சாளை. இப்ப சீலா."

சில விஷயங்களை நான் கவனித்தேன், ஆனால் ஒதுக்கிவிட்டேன். கை எங்காவது லேசாக இடித்தாலும் தோலில் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும். தூக்கம் குறைந்தது. தாகம் கூடியது. ஆள் சந்தோஷமாக இருக்கிறாரே, பாட்டுப் பாடிக்கொண்டே வேலைக்குப் போகிறாரே என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தறியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி முனை அவருடைய வலது கட்டைவிரலில் ஆழமாக ஏறிவிட்டது. ரத்தம் வந்தது. அவர் "ஒண்ணும் வலிக்கலட்டி" என்றார். நான் மேஜையிலிருந்து வெளுத்த துணி ஒன்றைக் கிழித்து, நல்ல இறுக்கமாக, மடிப்பு விழாமல் கட்டிவிட்டேன். ஷெட்டே கட்டைப் பாராட்டியது.

தினமும் காலையில் கட்டை மாற்றினேன். பழைய கட்டைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். பழக்கம். முதல் இரண்டு நாள் ஒரு ரத்தப் பொட்டு இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சீழ் இல்லை, மஞ்சள் இல்லை, கறை இல்லை. விரல் சிவக்கவில்லை, வீங்கவில்லை.

"எப்படிட்டி இருக்கு?" என்பார் அவர்.

"முதல் தரம்" என்பேன்.

பன்னிரண்டு நாள் இப்படியே பாஸ் போட்டேன். காயத்தின் வாய் ஏன் இன்னும் மூடவில்லை என்று ஒருநாள் கூட யோசிக்கவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்த எவளும் யோசித்திருக்க மாட்டாள். துணி வெள்ளையாக இருந்தால் எங்களுக்கு அப்புறம் கேள்வியே கிடையாது.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. முத்தாத்தாளின் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் குழந்தை பிறந்திருந்தது. கமலவல்லி என்ற டாக்டரம்மா அங்கே சின்னதாக ஆஸ்பத்திரி நடத்திவந்தார். பத்துக் கட்டில் இருக்கும். ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். வராந்தாவில் முத்தாத்தாள் பேத்தியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் குழந்தைக்குக் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். உப்புவதற்கு அவர் சிரமப்பட வேண்டியதில்லை.

டாக்டரம்மா அந்த வழியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடிசார் கட்டினால் கோவிலில் பார்க்கிற மாமி மாதிரி இருப்பார், அன்றைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. குழந்தையைப் பார்க்க வந்தவர், இவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவர் யாரு?"

"எங்க அண்ணாச்சி டாக்டரம்மா" என்றாள் முத்தாத்தாள் பெருமையாக. "ஆளு எப்படி இருக்காவ பாத்தீங்களா? சினிமாவுல சேரச் சொல்லிக்கிட்டிருக்கோம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எத்தனை மாசமா மாத்திரை சாப்பிடறேள்?" என்று அவரிடம் கேட்டார்.

"மாத்திரையா? மீன் கொழம்பு" என்றேன் நான்.

"மீன் குழம்புக்கு முகம் இப்படி ஆகாதும்மா. எந்த டாக்டர்? என்ன மாத்திரை?"

"ஆறு மாசமாச்சும்மா" என்று அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா அதைப் பிரித்தார். மூன்று மாத்திரை. இரண்டை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே சின்னதாக இருந்த ஒன்றை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "இதுதான் உங்க மீன் குழம்பு" என்றார். "ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான். மூச்சுத் திணறி வர்றவாளுக்கு நானே போடுவேன். அளவு பார்த்து, நாள் எண்ணிக் கொடுக்கணும். ஆறு மாசமா கடலை மாதிரி கொறிச்சிண்டிருக்கேள். கையில என்ன கட்டு?"

நான் முந்திக்கொண்டேன். "கம்பி குத்துனது டாக்டரம்மா. தினமும் மாத்துறேன். பிரிச்சுப் பாருங்க, ஒரு பொட்டுக் கறை இருக்காது."

அவர் பிரித்தார். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. காயத்தைச் சுற்றி விரல் ஈரக் களிமண் நிறத்தில் இருந்தது. அது வரைக்கும் நான் துணியைத்தான் பார்த்திருக்கிறேன், விரலைப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்து, மெல்லிய கம்பி ஒன்றைக் காயத்தின் வாயில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. வாடை குப்பென்று அடித்தது.

"வலிக்கறதா?"

"இல்லம்மா. சுகமா இருக்கு" என்றார் இவர்.

"சுகமா இருக்கப்படாது ஐயா! இப்ப நீங்க என்னைப் பிடிச்சுத் தள்ளியிருக்கணும்."

அப்புறம் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சா அந்த இடம் சிவக்கணும், சுடணும், வீங்கணும், வலிக்கணும். நாலும் நோய் இல்லை. உடம்பு சண்டை போடற லட்சணம். ரத்தக் குழாய் அகலமாகும், அதனால சிவப்பு, சூடு. குழாயிலேர்ந்து தண்ணியும் வெள்ளை அணுவும் கசிஞ்சு காயத்துக்கு வரும், அதனால வீக்கம். கிருமியை முழுங்கி முழுங்கிச் செத்த அணுக்கள்தான் சீழ். இந்தச் சின்ன மாத்திரை என்ன பண்றதுன்னா, யாரும் போகாதேங்கோன்னு எல்லாரையும் தடுத்து உட்கார வைச்சுடறது. முட்டியில வீக்கம் போச்சு, சந்தோஷம். அதே சமயம் விரல்ல கிருமி தங்கு தடையில்லாம குடித்தனம் பண்றது."

"விரலு?" என்றேன்.

"மதுரையிலேர்ந்து சர்ஜன் ஒருத்தர் சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வருவார். நான் ஊசி போடறேன், தினம் கழுவி விடறேன், மாத்திரையையும் குறைக்கறேன். சனிக்கிழமைக்குள்ள இந்த விரல் முழிச்சுக்கணும். இல்லைன்னா மேல் கணுவோட எடுக்கறதுதான் உத்தமம். விட்டா கைக்கு ஏறும்."

கட்டைவிரல் இல்லாமல் நூல் முடிச்சுப் போட முடியாது. முடிச்சுப் போட முடியாதவன் தறியில் நிற்க முடியாது. அவர் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து ஒரு தடவை உருட்டிப் பார்த்துக்கொண்டார், கையில் நூல் இருப்பது போல.

அன்றைக்கே கட்டில் கொடுத்தார்கள். முத்தாத்தாள் மகளுக்குப் பக்கத்து அறை. மாத்திரையை உடனே நிறுத்தும்படி நான் சொன்னபோது டாக்டரம்மா மறுத்துவிட்டார். இத்தனை மாதமாக அந்தச் சத்து வெளியிலிருந்து வந்ததால், உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை விட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ஆளே சுருண்டு விழுந்துவிடுவார். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். மூத்திரத்தில் சர்க்கரையும் வந்திருந்தது. அதுவும் அந்த மாத்திரையின் வேலைதான் என்றார். பன்னிரண்டு தோசை நாலாகக் குறைந்தது. அதற்குத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை விரல் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. டாக்டரம்மா வந்து அமுக்குவார், இவர் சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வரும்.

புதன்கிழமை முட்டி வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் "ஆண்டவரே" என்றார். பார்த்தால் இரண்டு முட்டியும் லேசாக உப்பியிருந்தன. நான் பதறிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் முட்டியைப் பார்த்துக் கை தட்டாத குறையாக, "பேஷ்! ஊரெல்லாம் முழிச்சுக்க ஆரம்பிச்சாச்சு" என்றார்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். "எங்க தறியில ஒரு சின்ன முள்ளு இருக்கும். குறுக்க ஓடுற ஊடை நூல் அறுந்தா அந்த முள்ளு விழுந்து தறியை நிப்பாட்டிரும். அடிக்கடி நிக்குதேன்னு சில பயலுக அந்த முள்ளை நூலால கட்டிப்புடுவானுக. பொறவு தறி நிக்கவே நிக்காது. மேஸ்திரி பாத்துட்டு, ஆகா, என்னமா ஓடுதுன்னு போயிருவாரு. துணியை அவுத்துப் பாத்தா ஒரு மொழத்துக்கு ஊடையே இருக்காது. நீளவாக்குல ஓடுற பாவு நூலு மட்டுந்தான். நான் அந்த முள்ளைக் கட்டிப்போட்டு ஆறு மாசம் ஓடிருக்கேன். அதான?"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பாதி சரி. தறி நின்னா போறுமா? யாராவது வந்து சரி பண்ண வேண்டாமா?"

"ஃபிட்டர் வரணும்."

"வலி முள்ளு மாதிரி, நிறுத்தும். வீக்கம் ஃபிட்டர் வர்ற வழி. நீங்க முள்ளையும் கட்டிட்டேள், ஃபிட்டரையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திட்டேள்."

"அந்த வாட்ச்மேன் நான்தானா?" என்று அவர் சொல்லவும், அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்ப முட்டி வீங்குறதும் நல்லதுக்குத்தானா?" என்று முத்தாத்தாள் கேட்டாள்.

"அது வேற கதை" என்றார் டாக்டரம்மா. "அங்க கிருமி இல்லை. தேய்ஞ்ச முட்டி. ஃபிட்டர் வேலை இல்லாத இடத்துக்கும் வந்து கூட்டம் போடறார். உடம்புக்கும் சமயத்துல புத்தி பிசகும். அதுக்கு வேற வைத்தியம் இருக்கு, பார்த்துக்கலாம். இப்ப விரல்தான்."

வியாழக்கிழமை மேஸ்திரி பார்க்க வந்தார். ரொட்டி வாங்கி வந்திருந்தார். தறிக்கு வேறு ஆளைப் போட்டிருப்பதாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தற்காலிகந்தான் ராஜரத்தினம்" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் விரலை நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏலே, எந்திரிலே. போதும், எந்திரி" என்றார். தூங்குகிற பிள்ளையை எழுப்புவது மாதிரி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயங்காலம் டாக்டரம்மா அமுக்கியபோது அவர் சிரிக்கவில்லை. "லேசா என்னமோ இருக்கு" என்றார். எங்களைத் திருப்திப்படுத்தச் சொல்கிறாரோ என்று நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை காப்பி வாங்கிக்கொண்டு அறைக்குள் வந்தேன். அவர் வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் கோணியிருந்தது.

"தங்கம், வெரலுக்குள்ள எவனோ உக்காந்து சுத்தியலால அடிக்கான்."

கட்டைப் பார்த்தேன். முந்தின நாள் தளர்வாகப் போட்ட கட்டு, இறுகிப் பிதுங்கி நின்றது. நடுவில் மஞ்சளாகப் பெரிய கறை. என் மேஜைக்கு வந்திருந்தால் தொடாமலே கழிவில் தள்ளியிருப்பேன். பிரித்தேன். விரல் செக்கச் செவேலென்று, பழுத்த தக்காளி மாதிரி, நகத்தடி வரை வீங்கியிருந்தது. தொட்டேன். சுட்டது. தொட்டதுதான் தாமதம், அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் குழந்தை வீரிட்டது.

"வீங்கிருச்சு!" என்று நான் கத்தினேன். "முத்தாத்தா, ஏட்டி, ஓடியா, வீங்கிருச்சு!"

முத்தாத்தாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்தாள். "வீங்கிருச்சா? நெசமாவா? எங்க காட்டுங்க அண்ணாச்சி. ஐயோ, என்னமா வீங்கியிருக்கு! கண்ணு பட்டுரும்."

"தொடாத. ஏட்டி, தொடாதன்னா! அம்மாடி!"

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி, சூடு எம்புட்டு இருக்குன்னு பாத்துக்கிடுதேன்."

நர்ஸ் ஓடி வந்தாள். வாசலில் தன் மனைவிக்கு என்ன குழந்தை என்று கேட்கக் காத்துக்கொண்டிருந்த ஒருவர், யாருக்கோ இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டார். டாக்டரம்மா தலையில் ஈரத் துண்டோடு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். விரலை லேசாகத் தொட்டார். இவர் "ஐயோ" என்றார்.

"கத்துங்கோ" என்றார் டாக்டரம்மா. "நன்னாக் கத்துங்கோ. ஆறு நாளா இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திண்டிருக்கேன்."

சீழை இறக்கியபோது அவர் நிஜமாகவே கத்தினார். கெட்டியாக, மஞ்சளாக வந்தது. டாக்டரம்மா அந்தத் துணியை என்னிடம் காட்டி, "பார்த்துக்கோங்கோ. இத்தனையும் உங்க ஆத்துக்காரருக்காகச் சண்டை போட்டுச் செத்தவா" என்றார். நான் அந்தத் துணிக்கு ஒரு கும்பிடு போட்டேன். வேடிக்கைக்கு இல்லை, உண்மையாகவே போட்டேன்.

முத்தாத்தாள் கடைக்குப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்து வராந்தா முழுக்கக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் "எங்க அண்ணாச்சிக்கு வெரல் வீங்கிருக்கு" என்றாள். வாங்கிக்கொண்டவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தின்றார்கள். அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை, சர்க்கரை. "வீங்குனது எனக்கு, திங்கிறது ஊரா?" என்று அவர் கட்டிலில் இருந்தபடி சத்தம் போட்டார்.

சனிக்கிழமை மதுரை சர்ஜன் வந்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செத்த தோலை வெட்டினார், நகத்தை எடுத்தார். விரலை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த மறு வாரம் இருளப்பசாமி மொபெட்டோடு வாசலில் வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டுத் தீர்த்தேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அம்மாவுக்கும் அதைத்தான் மதினி குடுத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அதற்கப்புறம் எனக்குத் திட்ட வரவில்லை. அன்றைக்கு மத்தியானமே தன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்தார். கைப்பழக்கம், அங்கேயும் பொட்டலம் மட்டும் வெகு அழகாக மடிப்பார்.

மாத்திரை முழுவதுமாக நிற்க மூன்று மாதம் ஆனது. கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. முட்டிக்கு டாக்டரம்மா சொன்னபடி பயிற்சியும், வெந்நீர் ஒத்தடமும், வலி அதிகமான அன்றைக்கு மட்டும் வேறொரு மாத்திரையும். முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் நடக்க முடிந்தது.

அவர் ஷெட்டுக்குத் திரும்பிய அன்று நான் பேக்கிங்கை விட்டுவிட்டுத் தறிப் பக்கம் போய் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். மேஸ்திரி சோலைராஜ் ஓடுகிற தறி ஒன்றை நிறுத்தி, பாவில் ஒரு நூலை அறுத்துவிட்டு, "போடு, பாப்போம்" என்றார்.

அவர் நூலின் இரண்டு முனையையும் எடுத்தார். நகம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை, நுனி கொஞ்சம் கோணலாக இருந்தது. முதல் தடவை நூல் வழுக்கிவிட்டது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. யாரோ இருமினார்கள். மூன்றாவது தடவை கட்டைவிரலை அழுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, உருட்டி இழுத்தார். முடிச்சு விழுந்தது. கடுகு அளவுகூட இல்லாத முடிச்சு. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நின்றது.

"வலிக்குதா ராஜரத்தினம்?"

"வலிக்குதுண்ணே" என்றார் அவர். "ஜோரா வலிக்குது."

"இப்போதைக்கு ரெண்டு தறி பாரு. முட்டி சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஓட்டு."

"மூணு."

"ரெண்டு."

"சரி, ரெண்டு" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி மனதை மாற்றிக்கொள்வதற்குள் தறியை ஓட விட்டார்.